இருபத்தைந்தாவது சொல்

எர்டென் வரும்போது அவன் அக்காவும் கூட வருவாள் என்று கம்ஷாத் எதிர்பார்க்கவில்லை. விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்ட அன்றுகூட அவன் தனியாகத்தான் வந்திருந்தான். கதவைத் திறந்தபோது முன்னால் நின்றது ஜெய்னெப். நரித்தோல் தொப்பியில் பனி ஒட்டியிருந்தது. பூட்ஸைக் கழற்றாமலே உள்ளே வந்து, சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டீ போடட்டுமாக்கா?"

"இந்த வீட்டுல நான் தண்ணி குடிக்க வரல. எங்க தம்பி சொத்த வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்."

"உங்க தம்பி சொத்துல பாதி என்னோடது. கோர்ட்டு சொல்லியிருக்கு."

"கோர்ட்டு சொல்லும். கோர்ட்டா ராத்திரி பகலா அந்த ஷெட்டுல கெடந்துச்சு?"

ஷெட்டில் கிடந்தது யார் என்று ஜெய்னெப்புக்கும் தெரியும். எகிபாஸ்துஸ் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் முடித்து நேராக அங்கேதான் போவாள் கம்ஷாத். ஊருக்கு வெளியே பழைய லாரி ஷெட். வரிசை வரிசையாகப் பிட்காயின் உண்டாக்கும் மெஷின்கள், உள்ளே போனால் காது அடைக்கும், வெளியே உறைபனி என்றால் உள்ளே வியர்க்கும். மின்சாரத்துக்கு ஏற்பாடு செய்தது அவள். மெஷின் வாங்கியது எர்டென். அவற்றை வாங்கிய கதையை அவன் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிந்ததும் உண்மை. பிறகு நாடு முழுக்க மின்சாரம் போதாமல் போய், ஷெட்டுக்கு இணைப்பைத் துண்டித்தார்கள். மெஷின்கள் இரும்பு விலைக்குப் போயின. கல்யாணமும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் போனது. மிஞ்சியது வாலட் என்ற மின்பணப்பையில் இருந்த பிட்காயின் மட்டும்.

எர்டென் கோட்டுப் பையிலிருந்து எஃகுத் தகட்டை எடுத்து மேஜையில் போட்டான். வாலட்டைத் திறக்கும் இருபத்துநாலு சொற்களைச் சுத்தியலால் தட்டி அதில் பதித்து வைத்திருந்தான். தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் அழியாது என்று பெருமையாகச் சொல்வான். பக்கத்தில், பழையதற்குப் பதிலாகப் புதிதாக வாங்கிய கருவியை வைத்தான்; அந்தச் சொற்களை அதற்குள்தான் போட வேண்டும். தீப்பெட்டி அளவுதான், இரண்டே பட்டன்.

"ஆரம்பிக்கலாமா? பவ்லதார்ல எனக்கு வேலை இருக்கு."

"வேலையா, வேலைக்காரியா?"

"வாய அடக்கு."

"அந்தப் பக்கம் உக்காரு. என் முதுகுக்குப் பின்னால யாரும் வரக்கூடாது. மொதல்லயே சொல்லிட்டேன்."

கம்ஷாத் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கருவியிலிருந்து வந்த கம்பியை அதில் செருகினாள். அவர்கள் இருவரும் எதிரே. திரை அவளுக்கு மட்டும் தெரியும். சொற்களைக் கருவிக்குள் போட வேண்டியது எர்டென், அவை அவன் பொறுப்பு. பட்டனைத் தடித்த விரல்களால் அழுத்தி அழுத்தி ஒவ்வொரு எழுத்தாகத் தேடினான். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு விட்டான்.

இந்தப் பங்கீடு கம்ஷாத் செய்தது. பிட்காயின் விலை ஏறிக்கொண்டே போன ஒரு குளிர்காலம் அது. ஒரு கல்யாண விருந்தில் குடித்துவிட்டு, நண்பர்களுக்குக் காட்டுகிறேன் என்று போனில் இருந்த காயினில் ஒரு பங்கை எவனுக்கோ அனுப்பிவிட்டான் எர்டென். திரும்பி வரவில்லை. அவள் ஒரு கருவி வாங்கினாள். வீட்டுக்கு நான்தான் ஆம்பிளை, சொற்கள் என்னிடம்தான் இருக்கும் என்றான். சரி, வைத்துக்கொள் என்றாள். ஆனால் அந்த இருபத்துநாலுக்கு மேல் தானே ஒரு சொல்லைச் சேர்த்து, எல்லாவற்றையும் அந்தப் புது முகவரிக்கு மாற்றிய பிறகுதான் அவனிடம் சொன்னாள்.

"உன் சொல்லெல்லாம் தானியம்னு வெச்சுக்க. கருவி அதப் போட்டு அரைக்கும். ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, ஆயிரக்கணக்கான தடவ. அரைக்கிறப்போ கூட உப்பா விழறது என் சொல்லு. அந்த மாவுலேருந்துதான் சாவி எல்லாம் உருவாகும். உப்பு மாறினா மாவே வேற, சாவியும் வேற. நீ இல்லாம நான் தெறக்க முடியாது. நான் இல்லாம நீ தெறக்க முடியாது."

அப்போது அவன் சிரித்தான். அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, "அப்ப சாகுற வரைக்கும் என்ன விட்டுப் போக மாட்டே" என்றான்.

இப்போது கடைசிச் சொல்லையும் போட்டுவிட்டு, "ம், ஏத்துக்கிச்சு" என்றான். கம்ஷாத்தும் திரையில் பார்த்தாள். இருபத்துநாலில் ஒன்று பிசகியிருந்தால் கருவியே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். சொற்கள் சரி. இனி அவள் பாடு.

தன் சொல்லைத் தட்டினாள். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு வாலட் திறந்தது. இருப்பு: பூஜ்யம்.

தட்டியதில் பிழை என்று நினைத்தாள். மூடிவிட்டு மறுபடி, மெதுவாக, எழுத்தெழுத்தாக. பூஜ்யம்.

"என்ன முழிக்கிறே?"

"இரு."

முதல் எழுத்தைப் பெரிதாக்கினாள். பூஜ்யம். ரஷ்ய விசைப்பலகைக்கு மாற்றினாள். பூஜ்யம். அந்தக் கருவியின் வழக்கமே அதுதான். தப்பான சொல் என்று அது ஒருநாளும் சொல்லாது. எதைக் கொடுத்தாலும் அதற்கென்று ஒரு வீட்டைத் திறந்து காட்டும், ஆள் இல்லாத வீட்டை.

"காலியா இருக்கு" என்றாள்.

எர்டென் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "என்ன காலியா இருக்கு?"

"கத்தாத. சொல்லு தப்பா இருக்கலாம். இல்ல..."

"இல்ல?"

"இல்ல நீ ஏற்கெனவே எடுத்திருக்கலாம்."

"நானா! பாத்தியாக்கா? முழுங்கிட்டு என்மேல போடறா!"

"நான் வர்றப்பவே சொன்னேன்" என்றாள் ஜெய்னெப். "இவ மூஞ்சியப் பாரு, திருடி மூஞ்சி. எங்கம்மா அன்னைக்கே சொன்னாங்க, பொண்ணு பாக்கப் போன எடத்துல கண்ணு நெலத்துல இல்லன்னு."

"உங்கம்மா சொன்னது இருக்கட்டும். உங்க தம்பி கண்ணு எந்த நெலத்துல இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும்."

எர்டென் மேஜையை ஓங்கி அடித்தான். தட்டிலிருந்த பவுர்சாக், எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகள், குதித்து இரண்டு தரையில் விழுந்தன. கம்ஷாத் லேப்டாப்பை மார்போடு இழுத்துக்கொண்டாள். கோபம் பாதி, பயம் பாதி. இவன்தான் எடுத்திருப்பான் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். தூக்கத்தில் உளறியிருப்பேனோ, தட்டும்போது பார்த்திருப்பானோ என்று மனம் எங்கெங்கோ ஓடியது. அவன் கண்ணைப் பார்த்தால் அவனும் அதையேதான் நம்பிக்கொண்டிருந்தான்.

"மெயிலத் தெற" என்றாள். "மெஷின் ஓடினப்போ தெனமும் வர்ற கூலிக்கு மெயில் வருமில்ல? அதுல நம்ம முகவரி இருக்கும். காயின் எங்க இருக்குன்னு உலகத்துல யார் வேணும்னாலும் பாக்கலாம்."

முனகிக்கொண்டே போனில் தேடினான். பழைய மெயில் ஒன்று கிடைத்தது. அந்த முகவரியை, எல்லாருக்கும் பொதுவான கணக்குப் பக்கத்தில் போட்டுப் பார்த்தார்கள். இருந்தது. முழுவதும். உள்ளே வந்ததற்குத்தான் தடம், வெளியே போனதற்கு ஒன்றும் இல்லை. எர்டென் போனை மேஜைமேல் வைத்தான். மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்தார்கள். யாரும் தொட முடியாத பணம், கண்ணாடிக்குப் பின்னால் வைத்த கறி மாதிரி.

திருட்டு இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் தணியும் என்று கம்ஷாத் நினைத்தாள். தணியவில்லை. பழி முழுவதும் இப்போது அவள் ஒருத்தி தலைமேல்.

"வேணும்னுதான் தப்பாப் போடறா" என்றாள் ஜெய்னெப். "நம்மள அனுப்பிட்டு அப்புறம் எடுத்துக்கலாம்னு."

"தகடு அவன்கிட்ட இருக்கு. நான் எப்படி எடுப்பேன்?"

எர்டென் விழுந்த நாற்காலியை எடுத்தான். சமையலறைக் கதவைச் சாத்தி, அதன்முன் போட்டு உட்கார்ந்தான். மேஜையில் இருந்த கம்ஷாத்தின் போனை ஜெய்னெப் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கம்ஷாத் கையை நீட்டினாள்.

"போனக் கொடுங்க."

"சொல்லு என்னன்னு சொல்லு. சேர்ந்து யோசிக்கலாம்" என்றான் எர்டென். குரலைத் தாழ்த்திப் பேசினான். அவன் கத்தும்போது அவளுக்கு அவ்வளவு பயம் இல்லை. இந்தக் குரலுக்குத்தான் பயம். "சொல்லாம நீ இந்த ரூம விட்டுப் போக மாட்டே, கம்ஷாத்."

அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டே இருந்தது, யாரும் அணைக்கவில்லை. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. கம்ஷாத் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பயம் ஒரு கட்டத்துக்கு மேல் போனால் அவளுக்கு வாய் துடுக்காகிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"சொல்றேன், கேட்டுக்க. ஷோஷ்கா."

"என்ன?"

"பன்னி. நீ காயினத் தொலைச்ச அந்தக் குளிர்காலத்துல ஒருநாள் போதையில வாந்தியெடுத்துட்டுத் தரையில கெடந்தே. உன்னப் பாத்துக்கிட்டே வெச்ச சொல்லு."

அவன் முகம் சிவந்தது. ஆனால் முதலில் வெடித்தது அக்கா. "அடப்பாவி! எங்க வீட்டுப் பணத்துக்குப் பன்னியா பூட்டு? அதான் அதுல பரக்கத்து, விருத்தி எதுவும் இல்லாமப் போச்சு! புருஷனப் பன்னிங்கறா, கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கான் பாரு!"

"பன்னி கோவிச்சுக்கும்னு தெரிஞ்சிருந்தா வேற பேரு வெச்சிருப்பேன்."

"வாய ஒடச்சிருவேன்!"

"ஒடைங்க. அப்புறம் சொல்லு எங்கேருந்து வரும்?"

எர்டென் கையை உயர்த்தி அக்காவை அடக்கினான். பணம் அவனுக்கு மானத்தைவிடப் பெரிது, அதில் சந்தேகம் இல்லை. "எப்படி எழுதினே? ரஷ்ய எழுத்துலயா, இங்கிலீஷ் எழுத்துலயா?"

"இங்கிலீஷ்லதான். ஷ-வுக்கு எஸ், ஹெச். எப்பவும் எழுதற மாதிரிதான்."

ஜெய்னெப் மூக்கால் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் கசாக் மொழி வாத்தியாரம்மா அவள். அரசாங்கம் கசாக்கை ரஷ்ய எழுத்திலிருந்து இங்கிலீஷ் எழுத்துக்கு மாற்றுகிறோம், மாற்றுகிறோம் என்று ஒவ்வொரு முறை சொன்னபோதும் பயிற்சி வகுப்பில் உட்கார்த்தி அவளை வதைத்திருந்தார்கள். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"எப்பவும் எழுதற மாதிரியாம்! அந்தக் குளிர்காலத்துல எஸ், ஹெச் ஏது? பெரிய இன்ஜினியர், தாய் பாஷை எழுதத் தெரியல." எழுந்து ஜன்னலிடம் போனாள். ஆவி படிந்த கண்ணாடியில் கரும்பலகையில் எழுதுவதுபோல் விரலால் எழுதினாள். "மொதல்ல வந்தது இது, எஸ் போட்டு தலையில கொசு ஒக்காந்த மாதிரி ஒரு கோடு. எல்லாரும் சிரிச்சாங்கன்னு சீக்கிரமே மாத்தினாங்க, அப்பத்தான் எஸ், ஹெச். அப்புறம் இது, எஸ்ஸுக்கு அடியில வால். இந்த ரஷ்யக் கூட்டத்தோட சேந்து திரியறதுங்க எழுதறது இப்படி, கியூவுக்குப் பதிலாக் கே."

நான்கு விதமாக, நான்கு வரி. எர்டென் போனை எடுத்துக் கண்ணாடியைப் படம் பிடித்தான்.

கம்ஷாத் முதல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் மின் நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் புது எழுத்துகளை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். மதிய உணவு வேளையில் அதைப் பார்த்து ஆளுக்கொரு பேரை எழுதிச் சிரித்தார்கள். அன்று மாலைதான் கருவியில் அந்தச் சொல்லைப் போட்டது. கொசு உட்கார்ந்த எழுத்து. இரண்டு கொசு.

"ஒண்ணொண்ணாப் போடு" என்றான் எர்டென்.

ரஷ்ய வாடையடிக்கும் நாலாவது வரியை முதலில் போட்டாள். "இல்ல." வால் வைத்தது. "இல்ல." பிறகு கொசு வைத்தது.

திறந்தது. இருப்பு எண் திரையில் நின்றது, பெரிதாக.

அவள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. தன்னால் அப்படி இருக்க முடியும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. தகடு அவனிடம், சொல் அவன் போனில் படமாக. இப்போது இவர்கள் எழுந்து போனால் போதும், சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முழுவதையும் வழித்துக்கொள்வான். பாதி என்று கோர்ட்டு சொன்னதெல்லாம் காகிதத்தோடு நின்றுபோகும்.

"இதுவும் இல்ல" என்றாள்.

"எஸ், ஹெச்?"

"அதத்தான் மொதல்லயே போட்டேனே." வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, வாலட் இருக்கும் பக்கத்தைத் தொடாமல், வாய்க்கு வந்ததைத் தட்டினாள். விசைச் சத்தம் கேட்க வேண்டும். தட்டினாள், நிறுத்தினாள், கூரையைப் பார்த்தாள், தட்டினாள். ஜெய்னெப் கொட்டாவி விட்டாள். எர்டென் நகத்தைக் கடித்தான்.

"ஆங்" என்றாள் கடைசியில். "ஞாபகம் வந்துருச்சு. ச்சே. அது தனிச் சொல்லு இல்ல, கூட இன்னொண்ணு சேத்திருந்தேன்." கொஞ்ச நேரம் தட்டினாள். "தெறந்துருச்சு."

எர்டென் பாய்ந்து எழுந்தான். அவள் லேப்டாப் மூடியைப் பாதி சாத்தினாள். "அங்கயே நில்லு. எவ்வளவு இருக்குன்னு உன் போன்ல ஏற்கெனவே பாத்தாச்சு. ஒரே அனுப்புதல்ல ரெண்டு முகவரியும் போடறேன். உனக்குப் பாதி, எனக்குப் பாதி. கருவியில காட்டும், சரி பாத்து பட்டன அழுத்து. போகும்போது ரெண்டும் ஒண்ணாத்தான் போகும், எவனும் எவளையும் ஏமாத்த முடியாது."

"மொதல்ல எனக்கு அனுப்பு. அப்புறம் உனக்கு."

"முடியாது."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா கண்ணாலேயே ஏதோ சொன்னாள். எர்டென் கருவியின் கம்பியைப் பிடுங்கினான். தகட்டையும் கருவியையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

"அவசரம் ஒண்ணுமில்ல. எழுந்திருக்கா. சொல்லு தெரிஞ்சுபோச்சு, படமும் இருக்கு. நான் நிதானமாப் போட்டுப் பாத்துக்கறேன்."

கம்ஷாத் எழுந்திருக்கவில்லை. லேப்டாப்பை முழுவதும் மூடினாள். அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"போ. பன்னிய எத்தன விதமா எழுதினாலும் போட்டுப் பாரு. நான் கூடச் சேத்தது உனக்குத் தெரியாது. நீ அந்தக் கதவத் தாண்டினேன்னா இந்த ஜென்மத்துல தெரியாது. உன்கூட இன்னொரு தடவ ஒரே ரூம்ல உக்கார மாட்டேன்."

"உனக்கும்தான் போகும்."

"போகட்டும்."

"அவ்வளவும் விட்டுருவியா?"

"உனக்குக் கெடைக்காதுன்னா விட்டுருவேன். சந்தோஷமா விடுவேன். மின் நிலையத்துல எனக்குச் சம்பளம் வருது. உனக்கு என்ன வருது? நீ தெனமும் போனத் தெறந்து அந்த எண்ணப் பாத்துக்கிட்டே சாவு."

எர்டென் கதவுப்பிடியில் கை வைத்தபடி அவளைப் பார்த்தான். பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவன். அவள் அன்பை அவன் ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை. வெறுப்பை நம்பினான். அவள் சொன்னால் செய்வாள் என்று அவனுக்குத் தோன்றியது. ஜெய்னெப் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சும்மா இருக்கா" என்றான்.

திரும்பி வந்து உட்கார்ந்தான். கருவியை எடுத்து வைத்து கம்பியைச் செருகினான். கம்ஷாத் தன் சொல்லை மறுபடி போட்டுத் திறந்து, அவனுடைய முகவரியைக் கேட்டு, தட்டி, தன் முகவரியைச் சேர்த்தாள். கருவியின் சின்னத் திரையில் எழுத்துகள் ஓடின. அவன் தன் போனோடு ஒப்பிட்டு ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தான். அவளுடைய பங்கைக் காட்டும் திரை வந்தபோது அவன் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. அந்த ஒரு நொடிக்குள் அவளுக்கு அவன்மேல் இருந்த கடைசிக் கோபம்கூடத் தீர்ந்து, வெறும் அருவருப்பு மிஞ்சியது.

அழுத்தினான்.

"போயிருச்சு" என்றாள். "என் போனக் கொடுங்க."

ஜெய்னெப் போனை மேஜைமேல் எறிந்தாள். வாசலில் நின்று, "இந்தக் காசு உனக்கு ஒட்டாது" என்றாள்.

"பாதியாவது ஒட்டாம நல்லபடியாப் போகட்டும். மீதிப் பாதி உங்க தம்பி நாசம் பண்ணுவான்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சங்கிலியையும் மாட்டினாள். கெட்டிலில் தண்ணீர் வற்றி அடி பிடிக்கிற வாடை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் கிடந்த பவுர்சாக்கைப் பொறுக்கினாள். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவுதானா என்றிருந்தது. அல்மாத்தியில் ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போகலாம். அந்த நினைப்பு எங்கோ தூரத்தில் யாருக்கோ நடக்கிற சமாச்சாரம் மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் தடதடவென்று பூட்ஸ் சத்தம். கதவு அதிர்ந்தது.

"தெறடி!" எர்டெனின் குரல். "கொசு வெச்சதுதான்! மொத வரிதான்! கார்ல ஒக்காந்து போட்டுப் பாத்தேன், வந்தது போனது எல்லாக் கணக்கும் வருது! கூட ஒண்ணும் சேக்கல நீ! பொய் சொன்னே!"

கம்ஷாத் எழுந்து கதவருகில் போனாள். திறக்கவில்லை.

"உன் பாதி உனக்கு வந்துருச்சா?"

"வந்துச்சு!"

"அப்புறம் எதுக்குக் கதவத் தட்டறே?"

அவன் கதவைக் காலால் உதைத்தான். "ஏமாத்திட்டே! அவ்வளவும் என் கையில இருந்துச்சு! அவ்வளவும்!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. லூபாவின் கட்டைக் குரல். "எவன்டா அது? போலீசக் கூப்பிடவா, இல்ல எங்க வீட்டு நாய அவுத்து விடவா?"

"நீ உள்ள போ, கெழவி! எம் பொண்டாட்டி வீடு!"

"பொண்டாட்டியா? விட்டுட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு, இப்பத்தான் நெனப்பு வந்துச்சாக்கும்! எறங்கு கீழ!"

நாய் குரைத்தது. இன்னும் ஒரு உதை, மறுபடி பூட்ஸ் சத்தம், இந்தமுறை இறங்கிப் போகிற சத்தம். கீழே காரின் கதவை யாரோ அறைந்து சாத்தினார்கள். காருக்குள்ளே அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது மேல் மாடி வரைக்கும் கேட்டது. கார் கிளம்பிப் போகும் வரை கம்ஷாத் கதவிலேயே நெற்றியை வைத்து நின்றாள்.

பிறகு முகம் கழுவினாள். மாலை ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. சீருடையை மாட்டிக்கொண்டு, பூட்டுக்காரனுக்குப் போன் செய்து, நாளைக் காலை வந்து வாசல் பூட்டை மாற்றித்தரச் சொன்னாள். என்ன பூட்டு வேண்டும் என்று கேட்டான். எதுவானாலும் சரி, ஆனால் ஒரே சாவிதான் வேண்டும் என்றாள்.